பட்டுக்கடை வாசலில் நின்ற வண்டி

என் இடது காலில் மஞ்சள் பூட்டுப் போட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு ரசீது செருகியிருந்தது. பட்டுக்கடை வாசலில் நின்றால் இப்படித்தான் செய்வார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ரசீதில் என்னை வண்டி என்று எழுதியிருந்தார்கள். அதில்தான் சண்டை.

நின்றதற்குக் காரணம் உண்டு. மறுநாள் காலை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியம்மாவுக்கு வைத்துக் கொடுக்க வேண்டிய பட்டு மறந்துபோயிருந்தது. என் மனைவி மங்கையர்க்கரசி அதை எடுக்க உள்ளே போயிருந்தாள். அந்த நேரத்தில் திருநெல்வேலியில் கணவர்கள் கட்டைப்பையோடு வாசலில் நிற்பார்கள். நானும் நின்றேன். வாசலை ஒரு தனியார் பார்க்கிங் நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்தது எனக்குத் தெரியாது.

பூட்டுப் போட்டவர் பெயர் ஜெபமணி. கழுத்தில் விசில் தொங்கியது.

"அண்ணாச்சி, ஹேண்டில லேசா ஒடிச்சுக்கிடுதேன். பக்கத்துல ஒரு ஸ்கூட்டர் நிக்கணும்."

"எது ஹேண்டில்?"

அவர் என் இரண்டு காதுகளையும் பிடித்துத் தலையை இடப்பக்கம் திருப்பி வைத்தார்.

"யோவ், நான் மனுஷன்."

"அத தீர்ப்பாயத்துல சொல்லுங்க. இங்க நிக்கிறதெல்லாம் வண்டிதான்."

மங்கை வெளியே வந்தாள். கையில் பை இல்லை. பட்டு அமையவில்லை, முந்தானை பிடிக்கவில்லை. என் காலைப் பார்த்தாள். ரசீதை உருவிப் படித்தாள்.

"ஒரு காப்பி, வடைக் காசுதானே. குடுத்துட்டு வாங்களேன்."

"குடுத்தா நான் வண்டின்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

"ஒத்துக்கிட்டா என்ன? வீட்டுக்கு வந்தா மறுபடி மனுஷன்தான."

"வருஷா வருஷம் என்னைக் கொண்டுபோய்ப் புகை டெஸ்ட் எடுக்கணும்."

"எடுத்துட்டாப் போச்சு. நீங்க விடாத புகையா?"

ஜெபமணி நிபந்தனைகளை ஒப்பித்தார். இன்றே கட்டினால் பாதிதான். எதிர்த்து மனுப் போட்டால் அந்தப் பாதிச் சலுகை கிடையாது. மனுவில் தோற்றால் வண்டியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும்.

"ஜெயிச்சா?"

"அப்படி ஒண்ண இதுவரைக்கும் பாத்ததில்ல அண்ணாச்சி."

நான் யோசித்தேன். ஒரு பக்கம் காப்பியும் வடையும். மறுபக்கம் நான், முழுசாக. கட்டிவிடுவதுதான் புத்தி. ஆனால் அந்த ஆள் இன்னும் என் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனுப் போட்டேன்.

தீர்ப்பாயம் கடைக்கு அடியில் இருந்தது. சரிவுப் பாதையில் பூட்டோடு நொண்டி இறங்கினேன். இறங்க இறங்கப் பாதை நீண்டது. மங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் ஜெபமணி எனக்காக வாயாலேயே ஹாரன் அடித்தார்.

தூண்களுக்கு நடுவே, வண்டி உறை போட்ட கணவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு உறையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர்.

"நீங்களும் மனுப் போட்டீங்களா?"

"மனு இல்ல. மேல்முறையீடு," என்றார் பெருமையாக. "உறைய விடும் ஓய். தூசி படியுது."

தீர்ப்பாயத் தலைவர் முனைவர் பலவேசம். கௌரவ முனைவர். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எதிரிலேயே, ஜெனரேட்டர் அறையில் நடந்துகொண்டிருந்தது. இதுவரை போர்த்திய பொன்னாடை எதையும் அவர் கழற்றவில்லை. கண் இருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி விட்டிருந்தார். விசாரணைக்கு முன் அவரைப் பற்றி ஜெபமணி வரவேற்புரை ஆற்றினார். சட்டமேதை என்றார். நிறுத்தக் காவலர் என்றார். கல்யாண மண்டபம் ஒன்றின் செருப்பு ஸ்டாண்டில் தொடங்கிய அன்னாரின் பொதுவாழ்வு என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலைவர் தானே கை தட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"வண்டி பேசுமா?" என்று தலைவர் கேட்டார்.

"பேசாது ஐயா. சத்தம் மட்டும் வரும்."

"நான் வண்டி இல்லை," என்றேன்.

"எஞ்சின் நல்லாருக்கு," என்று தலைவர் எழுதிக்கொண்டார்.

மேசையை ஓங்கிக் குத்தினேன்.

"பிரேக் இல்ல," என்று அதையும் எழுதினார். பிறகு மங்கையின் பக்கம் திரும்பினார். "இது உங்களுதாம்மா?"

மங்கை வாயைத் திறந்தாள். அவள் ஆமாம் என்று சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. சொன்னால் நான் அவளுடைய வண்டி ஆகிவிடுவேன். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"நான் யாருக்கும் சொந்தமில்லை," என்று கத்தினேன். "நான் தனி ஆள். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

"உரிமையாளர் இல்லாத வண்டி," என்றார் தலைவர். "இன்னைக்கே விற்பனை."

மங்கை திறந்த வாயை மூடினாள்.

"இத வீட்லயே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

ஜெபமணி நன்றியுரை ஆற்றினார்.

விற்பனை மேலே, ரவிக்கைத் துணிப் பிரிவுக்குப் பக்கத்தில் நடந்தது. என்னை வெள்ளை மெத்தையில் உட்கார வைத்தார்கள். ஜெபமணி விசிலைக் கழற்றிவிட்டு அளவு நாடாவை மாட்டிக்கொண்டார். முதல் வாடிக்கையாளராக மங்கை வந்தாள்.

"வாங்கக்கா. என்ன பாக்கீங்க?"

"சும்மா பாக்கேன்."

அவளுக்கு ரோஸ்மில்க் கொடுத்தார்கள். இத்தனை நேரம் வாசலில் நின்றவனுக்கு ஒருத்தன் தண்ணீர் கொடுக்கவில்லை. அவள் என் காதோர முடியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"சாயம் போவுமா?"

"போனதுதாங்க்கா இது. இனிமே போறதுக்கு இல்ல."

"மங்கை, விளையாடாத," என்றேன். "நாளைக்குத் தகப்பன் இல்லாம தட்டு எப்படி மாத்துவ?"

"எங்கண்ணன் இருக்கான்."

"உங்கண்ணனுக்கு வேட்டியே ஒழுங்காக் கட்டத் தெரியாது."

"சத்தம் இப்படி வந்துக்கிட்டேதான் இருக்குமா?" என்று அவள் ஜெபமணியிடம் கேட்டாள்.

"ஓட ஓடச் சரியாயிரும்க்கா."

"கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க."

நாலு பேர் என்னை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. மங்கை ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சுற்றிவந்து பார்த்தாள். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். முகத்திலிருந்த கோபத்தையும் எடுத்துவிடப் பார்த்தேன். அது கழன்று வரவில்லை. அவள் அதையும் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு அம்சமா இருக்கும்," என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப பில்லு போட்டுரவாக்கா?"

அவள் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள். அந்தக் கோடியைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கடைகள். எல்லாக் கடை வாசலிலும் பையோடு ஆட்கள் நின்றார்கள்.

"இத தனியா எடுத்து வைங்க," என்றாள். "ரெண்டு கட ஏறி எறங்கிட்டு வாரேன்."

"சரிக்கா," என்றார் ஜெபமணி. அவருக்கு இது பழக்கம். என் கைகளை மடிக்கத் தொடங்கினார்.