மூச்சுக்கு முன்னால்

கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை, ஸ்டூடியோவில் ஏசியை அணைத்தார்கள். அதன் சத்தம் ஒலிப்பதிவில் விழும்.

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடி அறைதான் ஸ்டூடியோ. ரங்கநாயகி நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டாள். ஒலிப்பதிவாளர் ஆஸ்டின் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்.

எதிரே திரை. விமான நிலையத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஷார்ஜாவிலிருந்து கணவன் வருகிறான். கண்ணாடிக் கதவு திறக்கிறது, வேறு யாரோ. மறுபடி திறக்கிறது, வேறு யாரோ. பிறகு அவன். அவள் அழுதுவிடுகிறாள். வசனம் கிடையாது.

இயக்குநர் நஸ்ருல்லாவும் திருச்சிதான், பெரிய கடை வீதிக்காரன். இது அவனுடைய முதல் படம். திருவானைக்காவலில் ஒரு கச்சேரியில்தான் ரங்கநாயகியை முதலில் கேட்டான். பாடியவள் அவளுடைய அக்கா வைஷ்ணவி. ஆலாபனையின் நடுவே அக்கா நிறுத்திக்கொள்ள, வயலின் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போனது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவன் விலாசம் விசாரித்து வீட்டுக்கு வந்தான். இந்த ஒரு காட்சிக்கு இசை போட்டுத் தரச் சொன்னான். தயாரிப்பாளருக்குப் பிடித்தால் முழுப் படமும் அவளுக்கு.

அவளுக்கு அது வேண்டும். சமைக்கும்போது தோன்றுகிற மெட்டுகளை ஃபோனில் முனகி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வருஷமாக உண்டு. யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

வாசித்தாள். நஸ்ருல்லா கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். இன்னொரு தடவை போகலாமா என்றான். இன்னொரு தடவையும் நன்றாக இருந்தது. அவன் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தான். ஆஸ்டின் கம்ப்யூட்டரில் இசையை ஓர் இம்மி முன்னால் தள்ளிப் பார்த்தார். சரியாகவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம்," என்றார் ஆஸ்டின். "அந்தப் பொண்ணு அழுத பிறகு நீங்க அழறீங்க."

நஸ்ருல்லா அவரை முறைத்தான். ரங்கநாயகிக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்டின் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை வரை நேரம் கேட்டாள்.

ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் திரும்பும்போது தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கவாத்தியக் கை. பாடுகிறவள் ராகத்தில் ஒரு பிடியை முடித்த பிறகுதான் அது அசையும். முந்தினால் மரியாதைக் குறைவு. அப்படித்தான் பழக்கம், ஆனால் அவள் விஷயத்தில் அது மட்டுமல்ல.

அக்காவுக்கு இளைப்பு உண்டு. மேடையில் மூச்சு தீரப்போகிறது என்றால் அவளுடைய இடது கை மடியில் புடவையை அழுத்தும். ரங்கநாயகி அதைப் பார்த்துவிடுவாள். அக்கா விட்ட ஸ்வரத்தை வில்லில் ஏந்தி இழுத்துப் பிடிப்பாள். அக்கா முகத்தை வயலின் பக்கம் திருப்பி, பேஷ் என்று தலையாட்டியபடி மூச்சு வாங்கிக்கொள்வாள். தங்கை வாசிப்பை அக்கா எவ்வளவு ரசிக்கிறாள் என்று சபையில் பேசிக்கொள்வார்கள். இதைப் பற்றி அக்காவும் தங்கையும் ஒருநாளும் பேசியதில்லை.

அந்தக் கச்சேரியில் நஸ்ருல்லா கேட்டதும் அதைத்தான்.

அக்காவின் வீடும் அவள் வீடும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. சனிக்கிழமை காலை சாதகத்துக்குப் போனாள். மார்கழியில் நிறையக் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஆலாபனை ஆரம்பித்தாள். நாலாவது பிடியில் ரங்கநாயகியின் வில் முந்திக்கொண்டது. அவள் வேண்டுமென்றுதான் செய்தாள். ஆனால் செய்த பிறகு முகம் சுட்டது.

அக்கா நிறுத்தினாள்.

"என்னடி, ரயிலுக்கு நாழியாயிடுத்தா?"

ரங்கநாயகி எல்லாவற்றையும் சொன்னாள். படம் கிடைத்தால் மார்கழி முழுக்க ஸ்டூடியோவில் இருக்கவேண்டும் என்பதையும் சொன்னாள். அக்கா சுருதிப் பெட்டியை அணைக்கவில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு அந்தக் காட்சியைக் காட்டச் சொன்னாள்.

ஃபோனில் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"பாவம், காலையில சாப்பிட்டிருக்க மாட்டா," என்றாள்.

"யாரு?"

"இந்தப் பொண்ணுதான். ஏர்போர்ட்டுக்கு வர அவசரத்துல."

ரங்கநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பாயில் உட்கார்ந்தபடியே திரும்பி, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்பக்கம் மறைத்துக்கொண்டாள்.

"வாசி. நான் பாடப்போறதில்லை."

ரங்கநாயகி வில்லைத் தந்தியில் வைத்தாள். காத்திருந்தாள். அக்கா மூச்சை இழுக்கும் சத்தத்துக்காகக் காது தானாக நீண்டது. பின்னல், ரவிக்கையின் முடிச்சு, முதுகு. அதில் ஒன்றும் தெரியவில்லை. சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

"எவ்வளவு நேரம்டி இப்படியே உக்காந்திருக்கறது? முட்டி வலிக்கறது."

வாசித்தாள். கீழ்த் தந்தியில் ஒரே ஸ்வரம், அசைக்காமல். அவளுக்கே அது பழக்கமில்லை. விரல் தானாக அசையப் பார்த்தது. பிறகு அடுத்தது. எந்த ராகம் என்று யாரும் சொல்லமுடியாத இடத்தில் அது நின்றது. அங்கிருந்து மேலே போனாள். காலையில் சாப்பிடாமல் கிளம்பியவள், பஸ்ஸில் கண்ணாடி பார்த்து முகம் துடைத்தவள், கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே மனசுக்குள் அவனைப் பார்த்துவிட்டவள். அக்காவின் முதுகு ஒரே ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. ரங்கநாயகி அதைக் கவனித்தாள். ஆனால் வில்லை அதற்காக நிறுத்தவில்லை.

முடிந்ததும் அக்கா திரும்பவில்லை. இன்னொரு தடவை என்று கை மட்டும் காட்டினாள்.

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் திரையை அணைக்கச் சொன்னாள். படத்தைப் பார்க்காமல் எப்படி என்று நஸ்ருல்லா கேட்டான். ஆஸ்டின் அணைத்துவிட்டார். ஒரே தடவையில் வாசித்து முடித்தாள். பிறகு படத்தோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயலின் அவள் நெஞ்சுக்குள் போய்விட்டிருந்தது. கணவன் வெளியே வருகிற இடத்தில் இசை இல்லை. பெட்டியின் சக்கரச் சத்தம் மட்டும்.

நஸ்ருல்லா எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். தன் வாப்பா ஷார்ஜாவில் இருந்தவர் என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை தயாரிப்பாளர் சரி சொல்லிவிட்டார்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ரங்கநாயகி வாசலிலேயே நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அக்கா ஃபோனில் யாருக்கோ தேதிகள் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து, மார்கழிக்கு வயலின் வாசிக்க சுபலட்சுமி ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றாள். உறையூர்ப் பெண், சுத்தமான வாசிப்பு, நேரத்துக்கு வருவாள். படம் கிடைத்துவிட்டதென்று யார் சொன்னது என்று ரங்கநாயகி கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றாள் அக்கா. சனிக்கிழமையே அந்தப் பெண்ணிடம் பேசிவைத்தாயிற்று.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா படிக்கட்டுவரை வந்தாள். டிபன் டப்பாவைப் பையில் வைத்தாள். அங்கே நாற்காலியில் உட்கார வைத்துவிடப் போகிறார்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும், தரையிலேயே உட்கார் என்றாள். சரி என்றாள் ரங்கநாயகி. வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கினாள்.

"ரங்கா."

திரும்பிப் பார்த்தாள். அக்காவின் இடது கை புடவையை அழுத்திப் பிடித்திருந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் சுபலட்சுமி சாதகத்துக்கு வரா. என் மூச்சைப் பத்தி நீ அவகிட்ட சொல்றியா, இல்லை நானே சொல்லணுமா?"