குடை போன வழி

"நியூட்டன்ல ரயில் மாறணும்."

"தெரியும்மா."

"மாறினா ஒரே ஸ்டாப்."

"லிட்டில் இந்தியா. மூணு வாட்டி சொல்லிட்டீங்க." வைஷாலி வயலின் பெட்டியைத் தோளில் மாட்டினாள். "பின்னாடியே வர மாட்டீங்கல்ல?"

"மாட்டேன். வீட்லயேதான் இருப்பேன்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ். தேக்காவுல சாப்பிடறப்ப வயலினக் கீழ வைக்காத. குடைய மேல வச்சு மேசைய சோப் பண்ணு, அப்பதான் வேற யாரும் இடம் பிடிக்க மாட்டாங்க."

பதினொரு வயது மகள் தனியாக வகுப்புக்குப் போகும் முதல் சனிக்கிழமை. மகளும் அப்பா வெங்கட்டும் இரண்டு மாதம் வாதாடி வாங்கிய அனுமதி. கைப்பேசி, அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் என்பது பழைய முடிவு. சாவியும் கொடுக்கவில்லை. அம்மா லீலாதான் வீட்டில் இருப்பாளே.

முந்தைய நாள் லீலா குடை உறையின் தையலைப் பிரித்து, இருக்கும் இடத்தைக் காட்டும் காசளவு டிராக்கர் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்திருந்தாள். வெங்கட்டிடமும் சொல்லவில்லை.

காலை முழுவதும் கைப்பேசித் திரையில் டிராக்கரின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் இரண்டு மணி நேரம் இருந்தது. பிறகு தேக்கா உணவங்காடி. பன்னிரண்டரைக்குள் வீடு திரும்ப வேண்டும்.

பதினொன்று ஐம்பதுக்குப் புள்ளி பூகிஸ் நிலையத்தில் இருந்தது. வீட்டுக்கு எதிர்த்திசை.

ரயில் மாறி ஏறிவிட்டாள், அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவாள் என்று லீலா சொல்லிக்கொண்டாள். புள்ளி காணாமல் போனது. வந்தபோது இன்னும் கிழக்கே இருந்தது. வயலின் ஆசிரியையை அழைத்தாள். "லீலா, அவ அப்பவே கிளம்பிட்டாளே." லீலா அடுப்பை அணைத்தாள், கதவைப் பூட்டினாள், டாக்சியில் ஏறினாள்.

பாதி வழியில் புள்ளி தெம்பனிஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தது. வழி தவறிய பிள்ளை நிலையத்துக்குள்ளேயே நிற்கும். இது சாலையைக் கடந்தது. குடியிருப்புகளுக்கு நடுவே போனது. யாரோ கூட்டிக்கொண்டு போகிற நடை. தீவின் மறுகோடியில், துவாஸில் வேலையிலிருந்த வெங்கட்டை அழைத்தாள்.

"வைஷாலி தெம்பனிஸ்ல இருக்கா."

"தெம்பனிஸ்லயா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

லீலா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் புள்ளியைப் பார்த்தாள்.

"லீலா."

"அத அப்புறம் கேளுங்க. போலீசுக்குச் சொல்லவா?"

"நீ போய்ப் பாரு. அங்க இல்லன்னா உடனே சொல்லு. நான் கிளம்பறேன்."

புள்ளி ஓர் அடுக்குமாடி புளோக்கில் நின்றுவிட்டது. லீலா டாக்சியிலிருந்து இறங்கி ஓடினாள். கைப்பேசியில் டிராக்கரை ஒலிக்கச் செய்யும் பொத்தானை அழுத்தினாள். கீழ்த்தளத்தில், கல் மேசைப் பக்கம், மெல்லிய சத்தம் கேட்டது.

மேசையில் காய்கறிப் பைகள். பக்கத்தில் நீலக்குடை. முக்காடு போட்ட ஒரு பெண் அதைத் தூக்கி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மக எங்க?" லீலா கத்தினாள்.

"யாரு?"

"இந்தக் குடைய வச்சிருந்த பொண்ணு!"

"ஓ, வயலின் புள்ளயா? உங்க மகளா?" அந்தப் பெண் சிரித்தாள். அவள் பெயர் அமீரா என்பது பிறகுதான் தெரிந்தது. "தேக்காவுல மேசைக்கு எடம் புடிக்க வச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டாம்மா. பின்னாடியே கூப்பிட்டேன், கூட்டத்துல காது கேக்கல. அடுத்த சனிக்கிழமையும் அங்கதானே சாப்பிடுவேன், கண்டா குடுத்துரலாம்னு எடுத்து வந்தேன். அது ஏன்லா இப்படிக் கத்துது?"

"அவ எந்தப் பக்கம் போனா?"

"ஸ்டேஷனுக்குத்தான். தட்டக்கூட எடுத்து வச்சுட்டுப் போச்சு. வெவரமான புள்ள."

கைப்பேசி அடித்தது. தெரியாத எண். லீலா எடுத்தாள்.

"அம்மா?" வைஷாலியின் குரல் நடுங்கியது. "கதவு பூட்டியிருக்கு. அரை மணி நேரமா உக்காந்திருந்தேன். வீட்லதானே இருப்பேன்னு சொன்னீங்க? உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு... இப்ப பக்கத்து வீட்டு பரமசிவம் அங்கிள் போன்லேர்ந்து பேசறேன். எங்கம்மா இருக்கீங்க?"

லீலா கல் இருக்கையில் உட்கார்ந்தாள். குடை இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. இதை இந்தப் பெண்ணிடமே விட்டுவிட்டுப் போகலாம். கடைக்குப் போனேன் என்று சொல்லலாம்.

"தெம்பனிஸ்ல."

"அங்க ஏன்?"

"உன் குடை இங்க இருக்கு."

"அத தேக்காவுலல்ல விட்டேன்? அது அங்க இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா, அதுல என்ன வச்சீங்க?"

"வந்து சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

சொன்னாள். டாக்சியில் இருந்த பயம் வேறு. இது வேறு. இதற்கு ஓடிப்போய்ச் சேர ஓர் இடம் இல்லை.

"வைஷு?"

"அப்பாவுக்கும் நானே சொல்லிடறேன், வீட்டுக்கு வந்துட்டேன்னு. அவர் நம்பரும் எனக்கு மனப்பாடம்." குரலில் இப்போது நடுக்கமில்லை. "நீங்க ரயில்லயே வாங்க. நியூட்டன்ல மாறணும்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.