வெள்ளை ஹெல்மெட்டும் மஞ்சள் கையும்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. கால் குளிர்கிறவர் அந்தப் போர்வையை இழுத்துக்கொள்ளட்டும். தேத்தண்ணிக் கோப்பை வைத்திருப்பவர் அதைக் கீழே வைக்கட்டும், சிரிக்கும்போது மடியில் ஊற்றிவிடுவீர்கள். இங்கே ஒக்லாந்தில், ஹென்டர்சனில் தையற்கடை வைத்திருக்கிற ஸ்வர்ணா, தடித்தடிப் பெடியன்களை நடு மைதானத்தில் மஞ்சளாக்கிவிட்டு முழித்துக்கொண்டு நின்ற கதையைச் சொல்லப் போகிறேன்.

பெடியன்கள் நாற்பது பேரும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள். அவர்கள் விளையாடுவது ரக்பி இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். தோளுக்குள் தலையணை மாதிரி ஒன்றைச் செருகி, தலையில் ஹெல்மெட்டும் முகத்துக்குக் கம்பிக்கூடும் மாட்டிக்கொண்டு, அரை நிமிடம் கூடிக் கதைத்துவிட்டு ஐந்து விநாடி ஓடுகிற விளையாட்டு. அணிக்குப் பெயர் புக்கேக்கோ. இங்கே சதுப்பு ஓரங்களில் நீல உடம்பும் சிவப்புச் சொண்டுமாகத் திரியுமே, அந்தப் பறவைதான்.

பன்னிரண்டு வருடமாக அவர்களுடைய உடுப்பெல்லாம் ஸ்வர்ணாவின் மெஷினுக்குக் கீழேதான் போய் வந்தது. முதல் வருடம் ஹெல்மெட்டுகள் அமெரிக்காவிலிருந்து பழசாக வந்தன, ஆறு நிறத்தில். யாரோ ஒருவன் வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை எடுத்து எல்லாவற்றையும் மண்ணிறமாக்கினான். அடுத்த கப்டன் நீலமாக்கி ஒரு சின்னச் சிவப்புச் சொண்டு போட்டான். அதற்கடுத்தவன் சொண்டை நீட்டினான். அதற்கும் அடுத்தவன் இன்னும் நீட்ட, அது நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை போய்விட்டது. பறவையா தும்பிக்கையா என்று எதிரணிக்காரர் கேட்டபிறகுதான் விட்டார்கள். பிறகு கண்ணாடி மாதிரி மினுங்குகிற வெள்ளி ஹெல்மெட். அந்த வருடம் பந்தைப் பிடிக்க ஓடியவனுக்குத் தன் கூட்டாளியின் தலையில் பட்டுத் தெறித்த வெயிலே கண்ணைக் கூச, பந்து மூக்கில் விழுந்தது. பிறகு இராணுவ உடுப்பு மாதிரிப் பச்சைப் புள்ளி. பச்சைப் புல்லில் பந்தை எறிகிறவனால் தன் ஆளையே கண்டுபிடிக்க முடியவில்லை.

அளவு கொடுக்க வருகிற கப்டன்மார் ஸ்வர்ணாவுக்கு அந்த விளையாட்டின் உடுப்புச் சரித்திரத்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் முதலில் கம்பளிச் சட்டையும் வெறுந்தலையுமாம். பிறகு தோலில் தைத்த தொப்பி வந்ததாம். அதில் நிறம் பூசியது அழகுக்காக மட்டுமில்லை, எறிகிறவன் தூரத்தில் ஓடுகிற தன் ஆளை அடையாளம் காணவும்தானாம். பிறகு பிளாஸ்டிக் வந்து, கம்பி வந்து, டிவி வந்து, இப்போது சில கல்லூரிகளில் கிழமைக்கு ஒரு உடுப்பாம். ஸ்வர்ணா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்டிருப்பாள். அவள் மனதுக்குள் ஒரே ஒரு ஆசை வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் கீறிக் கொடுத்ததையே தைத்தாயிற்று, தான் நினைத்த ஒன்றை அவர்கள் ஒருதரமாவது போட வேண்டும்.

அவள் நினைத்தது தூய வெள்ளை. வெள்ளை ஹெல்மெட், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. சொண்டு இல்லை, கோடு இல்லை. இந்த வருடக் கப்டன் ஆரணன், இங்கேயே எப்சத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அதற்கு அரைமனதாகச் சம்மதித்தான். முதல் ஆட்டத்துக்குப் போட்டுப் பார்ப்பது, ஆட்டம் முடிந்த கையோடு அணி கூடி வாக்கெடுப்பது. பிடிக்காவிட்டால் நகரத்தின் மறுகரையில், மவுண்ட் வெல்லிங்டனில் விளையாட்டு உடுப்புக் கடை வைத்திருக்கிற பாஸ்கரனிடம் போவது. பாஸ்கரன் மதுரைக்காரர். அவரிடம் கேட்டலொக் இருந்தது, முந்நூறு பக்கம்.

ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் உடுப்பெல்லாம் மடித்து முடிந்தது. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் யார் வெளியே அனுப்புவார்கள்? ஸ்வர்ணா மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு சட்டைக் கழுத்துக்கும் உள்ளே ஒரு பொட்டு வைத்தாள். ஹெல்மெட்டும் புதுசுதானே என்று யோசித்தாள். அதற்கு மூலையும் இல்லை, கரையும் இல்லை. ஆகவே உள்ளே நெற்றி படுகிற பஞ்சில் வைத்தாள். தலை அடிபடுகிற விளையாட்டு, பாவம் பிள்ளைகள் என்று அங்கே மட்டும் தாராளமாக, விரல் நிறைய அப்பினாள்.

ஒருவனுக்கு மட்டும் வைக்க முடியவில்லை. பந்தை உதைக்கிற சஞ்சீவன் தன் உடுப்பை வியாழக்கிழமையே வாங்கிக்கொண்டு போயிருந்தான். மைதானத்தில் பிடித்து வைத்துவிடலாம் என்று மஞ்சள் டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சனிக்கிழமை போனாள். அவள் போய்ச் சேருவதற்குள் அணி உள்ளே இறங்கிவிட்டது.

என்ன வடிவு தெரியுமா. பச்சைப் புல்லில் நாற்பது வெள்ளை.

கால்மணி நேரம்தான். நம் ஒக்லாந்து வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, தூறத் தொடங்கியது. ஓடின உடம்பில் வியர்வையும் வந்தது. முதலில் ஒருவன் நெற்றியிலிருந்து மஞ்சள் கோடாக வழிந்தது. அவன் கையால் துடைத்தான். துடைத்த கையால், நன்றாக ஓடிய கூட்டாளியின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினான். வெள்ளையில் ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. இடைவேளைக்குள் கழுத்தெல்லாம் மஞ்சள், தலையெல்லாம் கை.

எதிரணிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்டலொக்கைக் கக்கத்தில் இடுக்கியபடி பாஸ்கரன் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னக்கா, பசங்களுக்கு நலங்கு வச்சு அனுப்பிட்டீங்களா? பொண்ணு எந்த ஊரு?”

“உங்கட குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கோ தம்பி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை,” என்றாள் ஸ்வர்ணா. தெரியாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது.

அதற்குள் நடுவர் விசிலை ஊதி ஆரணனைக் கூப்பிட்டார். அவர் ஒரு உயரமான பெண்மணி, சிரிக்காத முகம். இது என்ன, உடுப்பின் பகுதியா, இல்லை வழுக்குவதற்குப் பூசிய ஏதாவதா என்று கேட்டார். ஆரணன் கரைக்கு ஓடி வந்தான்.

“ஆன்ட்டி, டை கரையுதா? உண்மையச் சொல்லுங்கோ.”

புதுவகைச் சாயம், நனைந்தால் நிறம் மாறும் என்று ஒரு பொய் ஸ்வர்ணாவின் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. பாஸ்கரன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்.

“டை இல்லையடா. மஞ்சள். நான்தான் வைச்சனான்.”

ஆரணன் தன் கழுத்துப்பட்டியை இழுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். ஒவ்வொரு பிறந்தநாள் சட்டைக்கும் அவன் அம்மா வைத்துவிட்டு, அவன் அழித்து அழித்துச் சண்டை பிடித்த அதே மஞ்சள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுவரிடம் போய், எங்கள் வீடுகளில் புதுத்துணிக்கு வைக்கிற ஆசீர்வாதம் என்று விளக்கினான். நடுவர் ஒரு ஹெல்மெட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் இல்லை, வழுக்கவில்லை. சரி, ஆனால் ஒரு அணி என்றால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அந்த ஒருவன் மட்டும் ஏன் வெள்ளையாக நிற்கிறான் என்று சஞ்சீவனைக் காட்டினார்.

என் செல்லங்களே, அப்போது ஸ்வர்ணா கைப்பையைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் நடந்தாள். மழைத்தண்ணீரிலேயே மஞ்சளைக் குழைத்தாள். ஆறடி நாலங்குலச் சஞ்சீவன் எல்லாருக்கும் முன்னால் முழங்கால் போட்டுக் குனிந்தான். அவன் கழுத்துப்பட்டியில் ஒரு பொட்டும் ஹெல்மெட்டில் ஒரு உள்ளங்கையும் வைத்துவிட்டு வந்தாள். கரையில் நின்ற சனம் கைதட்டியது, என்ன நடக்கிறது என்று விளங்காமலே.

ஆட்டத்தில் மூன்று புள்ளியால் தோற்றார்கள். அதை ஒருவரும் கதைக்கவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றி யாருக்கு எத்தனை கை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நன்றாக விளையாடியவன் தலை மாம்பழம் மாதிரி. சும்மா நின்றவன் தலை முட்டை மாதிரி.

வாக்கெடுப்புக்கு ஸ்வர்ணாவையும் பாஸ்கரனையும் உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் பாஸ்கரன் எழுந்தார். கெட்டிக்கார மனிதர், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டார். இந்தக் கை டிசைனைத் தானே அச்சடித்துத் தருவதாகவும், மழைக்கும் போகாது வெயிலுக்கும் போகாது என்றும் சொன்னார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஆரணனும் யோசித்தான். ஸ்வர்ணாவின் வெள்ளைக்கு அங்கே இடமே இல்லாமல் போகப் பார்த்தது.

அவள் பதறாமல்தான் கேட்டாள். “அச்சடிச்சா, ஒண்டும் செய்யாமல் நிண்டவன்ர தலையிலையும் கை விழுமே, பரவாயில்லையோ?”

மாம்பழத் தலைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அதெப்படி முடியும், இது ஓடி வாங்கின கை என்றார்கள். வெயில் பட்டால் மஞ்சள் தானாக வெளுத்துப்போகும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெள்ளையாக வந்து முதலிலிருந்து வாங்கலாம் என்று ஸ்வர்ணா சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கை பதிவதற்கு வெள்ளையை விட்டால் வேறு நிறம் ஏது? வாக்கு விழுந்தது. முட்டைத் தலைக்காரர் இரண்டு பேர் மட்டும் கேட்டலொக்குக்குக் கை தூக்கினார்கள்.

திங்கட்கிழமை நல்ல வெயில். ஸ்வர்ணா கடைக்குப் பின்னால் வேலி நெடுக ஹெல்மெட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். செவ்வாய் மத்தியானம் பாஸ்கரன் அந்தப் பக்கமாகத் தற்செயலாக வந்தார், மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து. வேலியில் நாற்பதும் பாலாக மினுங்கின. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான்க்கா இருக்கு. இந்த வெள்ளை எந்த மாடல்?”

“உங்கட புத்தகத்தில முந்நூறு பக்கம் இருக்கல்லோ, ஆறுதலாப் பாருங்கோ,” என்று சொல்லி, ஸ்வர்ணா அவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டுக் கொடியில் உடுப்பு காயாத நாள் இல்லாமல் இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் அடிபடாமல் திரும்பி வரட்டும். வாசலுக்கு யார் வந்தாலும் ஒரு கோப்பை ஊற்ற உங்கள் கேத்தலில் எப்போதும் சுடுதண்ணி இருக்கட்டும்.