நீலச் சுவெட்டர் சாத்திய ஜன்னல்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். 'மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவில் பனி இறங்கிய ஒரு வெள்ளிக்கிழமை...' வேண்டாம், சுற்றுலா விளம்பரம். 'காசநோய் காற்றில் பரவும்...' இது கிளினிக் சுவரொட்டி. வெரோனிகாவின் கோப்பையிலிருந்து தொடங்குகிறேன்.

2

வெரோனிகா தன் கோப்பையின் காதில் சிவப்பு நூல் கட்டினாள், வேறு யாரும் அதை எடுத்துவிடக் கூடாதென்று. கொழுந்து பறிப்பவள். மூன்று வாரமாக இருமல். அன்று காலைதான் கிளினிக்கில் சோதனைக்குச் சளி கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"கப்புல, தட்டுல ஒட்டாதும்மா இது," என்று சொல்லியிருந்தார் அங்கிருந்த நர்ஸ். "மூடுன ரூம்ல இருமினா, பாடினா, காத்துலயே நிக்கும். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஜன்னலத் தொறந்து வைங்க, மாஸ்க் போடுங்க."

அன்று மாலை ஜெபக்கூட்டம் நடத்த அவள் வீட்டு முறை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவள் வீட்டின் சின்ன முன்னறையில் பதினான்கு பேர். ஜன்னலைத் திறந்து வைத்தாள். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு யார் அவளோடு கொழுந்து நிரையில் நிற்பார்கள்?

(மாஸ்க் எங்கே என்று கேட்பீர்கள். போட்டிருந்தாள். ஆனால் பாட்டை எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். முதல் பாட்டிலேயே தாடைக்கு இறக்கிவிட்டாள். இந்த இடத்தை நாலு முறை அடித்து எழுதினேன். கோபம் போகவில்லை.)

3

ஜன்னலோரம் டிஃபனி, மடியில் நான்கு மாதக் குழந்தை.

"அக்கா, ஜன்னலச் சாத்துங்க லா. குளுரு பட்டா பேபிக்கு சளி புடிச்சிரும்."

"இருக்கட்டும்மா, கொஞ்சம் காத்து வரட்டும்."

நீலச் சுவெட்டர் போட்ட ஒருவர் எழுந்து சாத்தினார். வெரோனிகா பாட்டுக்கு நடுவே போய்த் திறந்தாள். அவர் மறுபடி சாத்தி, கொக்கியும் போட்டார்.

"பச்சப் புள்ள இருக்குல்ல தங்கச்சி?"

வெரோனிகா வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள்...

[ஒரு பிரதியில் 'எனக்கு டிபியா இருக்கலாம்' என்று சொல்ல வைத்தேன். ஆளாளுக்கு எழுந்து ஓடினார்கள், குழந்தை தப்பித்தது. பொய்.]

அவள் அடுத்த பாட்டை எடுத்துக்கொடுத்தாள்.

4

திங்கட்கிழமை முடிவு வந்தது. காசநோய்தான். வெரோனிகா மாத்திரை சாப்பிட்டுத் தேறிவருகிறாள். அவளைக் குற்றவாளியாக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த நீலச் சுவெட்டர் என்னுடையது. டிஃபனி என் தங்கை.

கூட்டத்திலிருந்த எல்லோரையும் சோதித்தார்கள். முதல் சோதனையில் குழந்தைக்கு ஒன்றுமில்லை. கிருமி உள்ளே போயிருந்தாலும் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றார் நர்ஸ். அதனால் இரண்டு மாதம் கழித்து, நேற்று, மறுபடி முன்கையில் ஊசி போட்டார்கள். குழந்தைக்கும், எனக்கும். நாளை போய்த் தடிப்பை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்; தடித்திருந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். என் சட்டைக் கையை நான் இன்னும் மடித்துப் பார்க்கவில்லை.

5

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் தடிப்பு இல்லை. மற்றதில்...

போன் அடித்தது. டிஃபனி.

"அண்ணே, பாப்பா கையில ஊசி போட்ட எடம் செவந்து தடிச்சிருக்கு. கொசு கடிச்சதா இருக்கும்ல? அண்ணே?"

அன்றைக்கு வெரோனிகா நின்ற மாதிரியே வாயைத் திறந்தபடி நிற்கிறேன். என்ன சொல்வதென்று நீங்கள் எழுதுங்கள். அவள் இன்னும் போனை வைக்கவில்லை.