அழிந்த பன்னிரண்டு இடங்கள்

ஷியாமளா மாடிப்படி ஏறி வந்தபோது மணி ஒன்பதே முக்கால். செருப்பெல்லாம் செம்மண். போனை மேசைமேல் வைத்து நிபின் பக்கம் தள்ளினார்.

"பாரு. மூணு நாளா குன்னத்துகால்ல இருந்து ஒரு விளி உண்டா? ஒற்றசேகரமங்கலத்துல இருந்து உண்டா? ஒண்ணு காட்டு."

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறைதான் நிபினின் அலுவலகம். உள்ளூர்க் கடைகளுக்கும் தொழில்களுக்கும் போனில் விளம்பரம் ஓடவிடுவது அவன் தொழில். தினசரி வேலையைப் பார்ப்பது ஒரு ஏஐ ஏஜென்ட். ஒரு வரி சொன்னால் போதும், தன்னிடம் உள்ள கருவிகளில் பொருத்தமானதை எடுத்து அதுவே முடித்துவிடும். எந்தக் கருவி என்ன செய்யும் என்று அது படிப்பதற்கு விவரம் எழுதிக்கொடுப்பவள் ஜோஸ்னா.

ஷியாமளாவின் தொழில் ரப்பர் மரங்களுக்கு மழைக்காப்பு ஒட்டுவது. பால் வெட்டும் பட்டையில் மழைநீர் இறங்காதபடி அதற்கு மேலே பசை பூசி, பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி சுற்ற வேண்டும். பட்டை காய்ந்திருந்தால்தான் பசை பிடிக்கும். மழை இறங்கிவிட்டால் அந்த வருடத்து வேலை அதோடு சரி.

"சீசன் டல் ஆக்கும் சேச்சி" என்றான் நிபின்.

"டல்லா? எலே, நீ வெளிய எறங்கி மானத்தப் பாத்தியா? இன்னும் நாலு நாள் வெயில் கிடைச்சா பெருசு. எனக்க பத்து பெண்ணுகளும் பசை டின்னைக் கெட்டிப்பிடிச்சுட்டு வீட்டுல இருக்காளுவ. இவன் ஏசியில இருந்துட்டு டல்லுங்கான்."

ஜோஸ்னா அதற்குள் ஏஜென்ட் செய்த வேலைகளின் பட்டியலைத் திறந்திருந்தாள். மூன்று நாளுக்கு முன்பு ஷியாமளா, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் களியக்காவிளையிலும் விளம்பரம் போடச் சொல்லியிருந்தார். ஏஜென்ட் போட்டிருந்தது. களியக்காவிளை மட்டும். முன்பு இருந்த பன்னிரண்டு இடங்களும் இல்லை.

அந்தக் கருவிக்கு அவள் எழுதிய விவரம் இவ்வளவுதான்: விளம்பரம் காட்டவேண்டிய இடங்களை இதில் கொடுக்கவும். கொடுக்கும் பட்டியல் பழையதை அழித்துவிட்டு உட்காரும் என்று அவள் எழுதவில்லை. கையால் செய்யும்போது பழைய இடங்கள் திரையில் டிக்கோடு கண்முன்னால் நிற்கும். புதிதாக ஒன்றைத் தட்டினால் கூடச் சேரும். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டாள். எல்லையில் பிறந்தவளுக்கு, அந்தப் பக்கமும் என்றால் இந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. ஏஜென்டுக்குத் திரையும் இல்லை, எல்லையும் இல்லை.

அவளுடைய அப்பா ஈசாக் ரப்பர் வெட்டுக்காரர். மே மாதக் கடைசியில் மூன்று காய்ந்த நாள் வீணாவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

நிபின் எட்டிப் பார்த்தான். புரிந்துகொண்டான். "மேல கம்பெனி சர்வர்ல ஒரு பிரச்னை சேச்சி, இப்ப…"

"சர்வர் இல்ல சேச்சி" என்றாள் ஜோஸ்னா. "நான் எழுதினது தப்பு. உங்க பழைய இடமெல்லாம் அழிஞ்சு போச்சு."

நிபின் அவளை முறைத்தான். ஷியாமளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப சரியாக்கு. சரியாக்காம நான் எறங்க மாட்டேன்."

பன்னிரண்டு இடங்களையும் கையால் திரும்பப் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது வாடிக்கையாளர்களுக்கு, பெரும்பாலும் பள்ளிக்கூடத் திறப்புக்காக, புது இடங்கள் சேர்க்க ஏஜென்டிடம் சொல்லியிருந்தது. ஏஜென்ட் பதினோரு மணிக்குத் தானாக ஓடும். அந்த ஒன்பதில் ஷியாமளாவும் உண்டு. விளி வராத பதற்றத்தில் நேற்று வெள்ளறடையையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

"அண்ணா, பதினொண்ணு ஓட்டத்த நிறுத்துங்க. ஒன்பது பேருக்கும் இதே கதியாக்கும்."

"நிறுத்தவா? குடைக்கடைக்காரன், புது இடத்துல விளம்பரம் பதினொண்ணுக்குத் தொடங்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். எழுதினது நீதானே, மாத்து."

மணி பத்து இருபது. பழைய வரியை அழித்தாள். திருப்பிக் கேட்கத் தெரியாத புது ஆளிடம் கத்தியைக் கொடுப்பதுபோல் நினைத்துக்கொண்டு எழுதினாள். இது பழைய பட்டியலை முழுவதும் அழித்துவிட்டு, நீ கொடுப்பதை மட்டும் வைக்கும். ஓர் இடம் சேர்க்க வேண்டுமானால் முதலில் இருக்கும் பட்டியலை வாங்கு. புதியதை அதோடு சேர். பிறகு முழுப் பட்டியலையும் கொடு.

பன்னிரண்டு இடங்களோடு ஒரு சோதனைக் கணக்கு உண்டாக்கி, ஓர் இடம் சேர்க்கச் சொன்னாள். பதின்மூன்று வர வேண்டும். ஆறு வந்தது.

"என்ன மக்கா, முகம் செத்துப்போச்சு?" என்றார் ஷியாமளா.

அவள் ஏஜென்ட் செய்ததை வரிவரியாகப் பார்த்தாள். ஏஜென்ட் சொன்னபடிதான் செய்திருந்தது. பட்டியலை வாங்கியிருந்தது. ஆனால் பட்டியல் தரும் கருவி ஒரு தடவைக்கு ஐந்து இடம்தான் தரும். மிச்சத்தை மறுபடி கேட்க வேண்டும். அதையும் அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பத்து ஐம்பத்திரண்டு. எழுதினாள். ஒரு தடவைக்கு ஐந்துதான் வரும். கடைசியில் 'இன்னும் உண்டு' என்று வந்தால் பட்டியல் முடியவில்லை, முடியும்வரை கேள். முழுதும் கிடைக்காமல் எதையும் மாற்றாதே.

மறுபடி ஓட்டினாள். பதின்மூன்று. இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை.

பதினொன்று. திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. குடைக்கடை, சரி. பேக் கடை, சரி. ஷியாமளாவின் வரி ஏழாவதாக வந்தது. பழைய பன்னிரண்டு, களியக்காவிளை, வெள்ளறடை. பதினான்கும் இருந்தன. அவள் விரல் வைத்து எண்ணினாள். ஒன்பதும் முடிந்த பிறகுதான் முதுகைச் சாய்த்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஷியாமளாவின் போன் அடித்தது. ஒற்றசேகரமங்கலம், முந்நூறு மரம்.

"பட்டை காஞ்சிருக்கா? சரி, இப்ப வாறேன்."

வைத்த கையோடு இன்னொரு விளி. இதில் அவர் பேசியது குறைவு. கேட்டுவிட்டு வைத்தார்.

"குன்னத்துகால். ஆயிரத்து இருநூறு மரம். முந்தாநாள் போன்ல எனக்க விளம்பரத்தத் தேடியிருக்காரு, காணல்ல. நேத்து வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. இன்னைக்கு விளம்பரத்தக் கண்டதும், 'நீங்க இப்பவும் இந்த வேலைக்கு உண்டா'ன்னு சும்மா கேக்க விளிச்சாராம்."

"சேச்சி…" என்றாள் ஜோஸ்னா.

"ஒண்ணும் பறயாத. இப்ப நீ பேசினா எனக்க வாயில நல்லது வராது."

படியில் இறங்கும்போதே அவர் போனில் கத்துவது கேட்டது. "விஜயம்மா, பெண்ணுகள விளி. பசை டின்ன எடு. ஓடு, ஓடு."

நிபின் நாற்காலியைத் திருப்பினான். "சரியாச்சுல்லா. வா, ஒரு சாயா குடிக்கலாம்."

"இன்னும் பத்தொன்பது கருவி உண்டு அண்ணா. எல்லாம் நான் எழுதினதுதான். படிச்சு முடிக்கிறவரை நாளைக்கு இது ஓடண்டாம்."

ஷியாமளா தள்ளிவிட்டுப்போன காலி நாற்காலியை நிபின் பார்த்தான். பிறகு நாளைய ஓட்டத்தை நிறுத்தினான்.

ஜோஸ்னா அடுத்த கருவியைத் திறந்தாள். நான்கே சொற்கள் இருந்தன: விளம்பரத்தை நீக்க உதவும் கருவி. நீக்கினால் திரும்பக் கிடைக்காது என்பது அதில் இல்லை.