அறுபத்தேழாம் கேள்விக்கு யார் சாட்சி?

“ஏறுக்கா! ஏறு, ஏறு! வண்டி நிக்காது, ஓடிக்கிட்டே ஏறு!”

பூவிழி ஓடினாள். ஒரு கையில் செங்கல் கனத்தில் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். இன்னொரு கையில், பறந்தே தீருவேன் என்று அடம்பிடித்த துப்பட்டா. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை வாசலில் லேசாக வேகம் குறைத்த துர்காவின் ஸ்கூட்டியில் அவள் தாவி உட்கார்ந்தபோது, பின்சக்கரம் ஒரு முறை முனகிவிட்டுப் பாய்ந்தது.

“ஜெராக்ஸ் எடுத்துட்டியா?”

“கரண்ட் இல்லடி! புத்தகத்தையே கொண்டுபோயி அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டிட வேண்டியதுதான்.”

“நீட்டு. ஆனா மூஞ்சியிலயே போட்டுடாத. அப்புறம் வேலை போயிடும்.”

“வந்தாத்தானடி போறதுக்கு!”

ஐந்து மணிக்கு லாஸ்பேட்டையில் தேர்வு அலுவலகத்தின் கவுன்டர் மூடிவிடும். மூடிவிட்டால் பூவிழியின் கதையும் மூடியதுதான்.

எழுத்தர் வேலைக்கான பரீட்சையின் தற்காலிக விடைகளும் மதிப்பெண்களும் முந்தின நாள் வந்திருந்தன. தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே, ஒரே ஒரு மார்க்கில், பூவிழி தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மார்க்கை விழுங்கியது அறுபத்தேழாவது கேள்வி.

‘ஒன் ஆஃப் மை டேஷ் இஸ் எ டீச்சர்.’ டேஷில் என்ன வரும்? ‘ஏ’ என்றால் ஃப்ரெண்ட். ‘பி’ என்றால் ஃப்ரெண்ட்ஸ்.

பூவிழி ‘பி’ போட்டிருந்தாள். ‘ஏ’தான் சரி என்றது அலுவலகம் வெளியிட்ட ‘கீ’, அதாவது விடைக்குறிப்பு. எப்படிச் சரியாகும்? என் தோழிகளில் ஒருத்தி என்றுதானே சொல்கிறோம்? பல பேர் இருந்தால்தானே அதில் ஒருத்தியைப் பிரித்துச் சொல்ல முடியும்? பின்னால் வருகிற ‘இஸ்’ஸைப் பார்த்து மயங்கி, யாரோ ஒரு புண்ணியவான் தோழியையும் ஒருமையாக்கிவிட்டான். புத்தகத்தில் பச்சைக்கோடு போட்ட பக்கத்தில் அச்சுப் பிசகாமல் விதி இருக்கிறது.

அதைக் காட்டி ஆட்சேபணை கொடுக்கத்தான் இந்தப் பாய்ச்சல். இணையதளம் காலையிலிருந்து வெறும் வட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. நேரில் கொடுக்கலாம், ஆனால் புத்தக ஆதாரத்தோடு, இன்று ஐந்துக்குள். அடுத்த பரீட்சை வருவதற்குள் பூவிழி வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அப்பாவின் பஞ்சாலை மூடிய நாளிலிருந்து ஜவுளிக்கடையில் பில் போட்டுக் குடும்பத்தை இழுப்பவள். இதை விட்டால் ஆயுசுக்கும் பில்தான். இன்றைக்கும் கடையிலிருந்து விடுபடவே நாலு மணி தாண்டிவிட்டது.

காலையில் முதலில் போன் போட்டது துர்காவுக்குத்தான். இரண்டு வருஷமாகச் சேர்ந்து படித்தவள். ஐந்து வயது சின்னவள். துர்கா அப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில், அவள் அம்மா செல்வாம்பாள் மீன் ஏலம் கூறும் இடத்தில் நின்றிருந்தாள்.

“துர்கா, ஒரு கேள்விக்கு ஆட்சேபணை குடுக்கணும்டி. லாஸ்பேட்டைக்கு...”

“நான் வரேன்க்கா! கூட்டிட்டுப் போயி, குடுக்க வச்சிட்டுத்தான் மறுவேலை. கவலைய வுடு!” என்று பாதியிலேயே முழங்கினாள் துர்கா. அதற்குப் பிறகுதான், “ஆமா, எந்தக் கேள்வி?” என்றாள்.

“அறுபத்தேழுடி. அந்த சிங்குலர், புளூரல்.”

அந்தப் பக்கம் ஏலக்கூச்சல் ஒரு அலைபோல எழுந்தது. துர்கா என்ன சொன்னாள் என்றே கேட்கவில்லை. போன் கட்டாகிவிட்டது.

அவள் அப்படித்தான். பாதி கேட்டதுமே வாக்குக் கொடுத்துவிடுவாள். போன மாதம்கூட, கூடையை எட்டிப் பார்க்காமலே ஏலத்தில் குரல் கொடுத்து, மேலே ரெண்டு வஞ்சிரம், அடியில் முழுக்க மலிவான காரப்பொடி மீன் என்று சுமந்து வந்தாள். வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்று பூவிழி கேட்டதற்கு, “தேங்காய்த்திட்டுல குரல் குடுத்துட்டுப் பின்வாங்கினா, மறுநாள் அங்க மொகத்தக் காட்ட முடியாதுக்கா. ஏலம் கூறுறவ பொண்ணு வேற!” என்றாள். வாரம் முழுக்க அவர்கள் தெருவே காரப்பொடிக் குழம்பு சாப்பிட்டது.

ஸ்கூட்டி கருவடிக்குப்பம் பக்கம் திரும்பியது. எதிரே தண்ணீர் லாரி. துர்கா அதற்கும் ஒரு தட்டுவண்டிக்கும் நடுவில், ஊசியில் நூல் கோப்பதுபோல நுழைந்தாள். பூவிழி கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

“திறக்கா, தாண்டியாச்சு.”

“அடிப்பாவி!” பூவிழிக்குச் சிரிப்பும் வந்தது. பயம் போன இடத்தில் உற்சாகம் பொங்கிற்று. “ஏண்டி, கீ மாறினா எனக்கு மட்டுமில்ல, உனக்கும் ஒண்ணு ஏறும்! நீயும் ‘பி’தான போட்டிருப்ப? நீ கரெக்டா கோட்டு மேல நிக்கிற. ஒண்ணு ஏறிச்சின்னா கோட்டத் தாண்டி உள்ள போயி சம்மணம் போட்டு உக்காந்துடலாம்!”

துர்கா பதிலுக்கு ஹாரன் அடித்தாள். எதிரில் யாரும் இல்லை.

பரீட்சை முடிந்தபின் விடைகளைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். பேசினால் வருகிற மார்க்கும் ஓடிவிடும் என்று துர்காதான் போட்டாள். நேற்று மார்க் வந்ததும், “கோட்டத் தொட்டுட்டேன்க்கா! சரியா கோட்டு மேல!” என்று குதித்தவள், அடுத்த நொடியே பூவிழியின் மார்க்கைக் கேட்டுக் குதிப்பதை நிறுத்திவிட்டாள்.

“ஏ போட்டவனுக்கெல்லாம் ஒண்ணு கொறையும்,” பூவிழி காற்றோடு கத்தினாள். “கோட்டு மேல நிக்கிற எவனாவது ஏ போட்டிருந்தான்னு வையி, பாவம், போய்ச் சேர்ந்தான்!”

துர்கா சிரிக்கவில்லை. சிரிக்க நேரமும் இல்லை. முன்னால் ஒரு கை நீண்டது. சிவப்புத் தொப்பி. போக்குவரத்துப் போலீஸ்!

“ஓரங்கட்டு. பின்னாடி உக்காந்திருக்கிற மகாராணிக்கு ஹெல்மெட் எங்க?”

“சார், பரீட்சை சார்,” என்றாள் பூவிழி.

“ஞாயித்துக்கிழமையில்ல பரீட்சை வைப்பான்? இன்னிக்கு வெள்ளி.”

“எழுதியாச்சு சார். கேள்வி தப்பு. ஐஞ்சு மணிக்குள்ள போயி சொல்லணும்.”

பெயர்ப்பட்டையில் சக்கரபாணி என்றிருந்த அந்தப் போலீஸ்காரர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “எந்தக் கேள்வி?”

பூவிழி ஒரே மூச்சில் சொன்னாள். அவர் மீசையைத் தடவினார்.

“ஃப்ரெண்டுதாம்மா. அதான் ‘ஒன்’னு வந்துடுச்சே. ஒரு ஆளுக்கு எதுக்கு ‘ஸ்’?”

“சார்! உங்க ஸ்டேஷன்ல ஒருத்தர லீவுல அனுப்பணும்னா, ‘போலீஸ்காரர்ல ஒருத்தர்’னு சொல்லுவீங்களா, ‘போலீஸ்காரர்கள்ல ஒருத்தர்’னு சொல்லுவீங்களா?”

அவர் யோசித்தார். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “எங்க லீவு குடுக்கிறாங்க, போங்க! திரும்பி வரும்போது ஹெல்மெட்டோட வரணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து அபராதம். புளூரலு!”

வண்டி மறுபடி சீறிக் கிளம்பியது. வெறிபிடித்த வெயில். கொக்கு பார்க் சிக்னலில் சிவப்பு. சிவப்பு... சிவப்பு... பச்சை!

வண்டி நகரவில்லை.

“ஏய், பச்சைடி!”

துர்கா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, எதிரே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு ஆட்டோக்காரர், “யம்மா, புடிச்ச கலரு வரலையா?” என்று கத்திவிட்டு விலகிப் போனார்.

“துர்கா! என்னாடி ஆச்சு? வண்டி ரிப்பேரா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

“ஒண்ணுமில்ல. குரல் குடுத்தாச்சு, இல்ல?” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னவள், ஆக்ஸிலரேட்டரை அடி வரைக்கும் முறுக்கினாள்.

அலுவலக வாசலில் வண்டி நிற்பதற்குள் பூவிழி குதித்துவிட்டாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள். கவுன்டரில் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார் ஒரு அம்மாள். மேஜைப் பலகையில் அஞ்சலாட்சி என்று பெயர்.

“மேடம்! மேடம்! மூடாதீங்க!” பூவிழி புத்தகத்தை ஷட்டருக்கும் மேஜைக்கும் நடுவில் சொருகினாள். ஷட்டர் ‘டங்’கென்று அதன்மேல் உட்கார்ந்தது.

“நல்ல புக்கும்மா. உத்திரத்துக்கு முட்டுக் குடுக்கலாம்,” என்றபடி அஞ்சலாட்சி ஷட்டரைத் தூக்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஐஞ்சு ஆகல. குடு.”

பூவிழி பச்சைக்கோட்டுப் பக்கத்தை விரித்தாள். கேள்வியைச் சொன்னாள். விதியைக் காட்டினாள். அஞ்சலாட்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“நியாயமாத்தான் இருக்கு. இது நிக்கும். கீய மாத்திடுவாங்க.”

பூவிழியின் கை தன்பாட்டுக்குக் கும்பிட்டது.

“இரு இரு, இன்னும் முடியல. சாட்சி எங்க?”

“சாட்சியா?”

“கூட எழுதின ஒருத்தர் கையெழுத்து வேணும். இந்த வருஷம் புது ரூலு. லாபம் இருக்கிறவங்களே கும்பலா வந்து குடுக்கிறாங்கன்னு, சாட்சி சொல்றவங்க அந்தக் கேள்விக்கு என்ன போட்டாங்கங்கறதையும் நான் கேட்டு எழுதணும். நாளைக்கு விடைத்தாளோட ஒத்துப் பார்ப்பாங்க. ஆள் இருந்தா சொல்லு. இல்லன்னா...” அவர் கை ஷட்டரின் பக்கம் போயிற்று.

பூவிழி திரும்பினாள். துர்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட் ஒரு கையில். பூவிழியின் ஒற்றைச் செருப்பு இன்னொரு கையில். ஏறி வந்து கவுன்டருக்குள் எட்டிப் பார்க்க அவளுக்கு ஏனோ தயக்கம்.

“இதோ இருக்காளே மேடம்! என்கூட எழுதினவ!” பூவிழி ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “வாடி! நல்ல வேளை, நீ இருக்க! உனக்கும்தான லாபம், சட்டுனு போடு!”

துர்கா வந்தாள். செருப்பைக் கீழே வைத்தாள். அது பூவிழியின் காலுக்கு நேராக இருக்கும்படி நகர்த்தியும் வைத்தாள். ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். அஞ்சலாட்சி அதைப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“கையெழுத்துப் போட்டா அழிக்க முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

பேனாவை வாங்கினாள். ஏலத்தில் விலை சொல்கிறவள்போல, இழுக்காமல், ஒரே வீச்சில் கையெழுத்தைப் போட்டாள். கடிகாரம் ஐந்தைத் தொட்டது. பூவிழி அவள் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“இப்பச் சொல்லும்மா,” என்று அஞ்சலாட்சி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அறுபத்தேழுக்கு நீ என்ன போட்ட?”

துர்கா பேனாவை மூடினாள்.

“ஏ போட்டேன், மேடம்.”