அதிகாரம் முழுவதும் வாசிக்கப்பட்ட ஞாயிறு

தாடியின் ஓரங்களைச் சிரைக்கக் கூடாது என்ற விதி பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கப்பட்ட ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை, அந்தச் சபையைச் சேர்ந்த எவருடைய கன்னத்திலும் சவரக் கத்தி இறங்கவில்லை. முடிதிருத்துபவர் கத்தியைத் தீட்டிப் பார்த்தார், புது பிளேடு மாற்றிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த வேறு மதத்துக்காரருக்கு அதே பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த ஞாயிறு வேறு வசனம் வாசிக்கப்பட்டதும் எல்லாம் சரியாகி, கடையில் மதியம் வரை கூட்டம் நின்றது. அதன்பின் எந்த விதி வாசிக்கப்பட்டாலும் ஒரு வாரம் அது தானாகவே நடந்தது. இறால் தின்னக் கூடாது என்று வாசித்த வாரம் இறால்கள் கொதிக்கிற சட்டியை விட்டு இறங்கிப் போயின. நரைத்தவர் முன் எழுந்து நிற்க வேண்டும் என்ற வாரம் பேருந்தில் வாலிபர்களின் கால்கள் அவர்களைக் கேட்காமலே எழுந்தன. சபையில் பெண்கள் பேசக் கூடாது என்பதை வாசித்தபோது பாடகர் குழுவில் பெண்களுக்குக் குரலே வரவில்லை. ஆண்கள் மட்டும் பாடியதைக் கேட்ட பிறகு அந்த வசனத்தை மறுபடி யாரும் கேட்கவில்லை.

கேட்பது என்று ஒரு வழக்கம் வந்துவிட்டிருந்தது. சனிக்கிழமை மாலைகளில் போதகர் வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். மாமியார்கள் பெற்றோருக்குக் கீழ்ப்படிகிற வசனத்தைக் கேட்டார்கள். மருமகள்கள் புருஷன் தாய் தகப்பனை விட்டு வருகிற வசனத்தைக் கேட்டார்கள். முதலாளிகள் வேலைக்காரருக்கும், வேலைக்காரர்கள் முதலாளிகளுக்கும் வசனம் வைத்திருந்தார்கள். தனக்கென்று ஒரு வசனம் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. சுவர்த் தகராறில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வீட்டார், சத்துருவை நேசிக்கச் சொல்லும் வாரத்தில் ஒருவருக்கொருவர் டீ கொண்டுபோய்க் கொடுத்து வெட்கத்தில் நெளிந்தார்கள். வாரம் முடிந்ததும் நிம்மதியாக அடுத்த வாய்தாவுக்குப் போனார்கள்.

மேலிடத்திலிருந்து வேத பண்டிதர்கள் சிலர் வந்து பார்த்தார்கள். சில விதிகள் அந்தக் காலத்துக்கு, சில எந்தக் காலத்துக்கும் என்று விளக்கினார்கள். எது எது என்று பென்சிலால் குறித்துக் கொடுக்கும்படி போதகர் கேட்டுக்கொண்டார். அவர்கள் உட்கார்ந்து குறிக்க ஆரம்பித்து, வாக்குவாதம் முற்றி, ரயிலைத் தவறவிட்டார்கள். பென்சில் மட்டும் மேசையில் கிடந்தது.

போதகர் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். இந்த அமளியெல்லாம் நடந்தபோது ஒரே ஒரு அதிகாரத்தின் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. விவாகரத்தான பெண் மறுமணம் செய்வது விபசாரம் என்று பொருள்படும் வரிகள் அதில் இருந்தன. அவருடைய தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவள். புருஷன் அடித்த அடியில் ஒரு காது மந்தமாகி, கோர்ட்டில் விடுதலை வாங்கி, அண்ணன் வீட்டு மாடி அறையில் வருஷக்கணக்காக இருந்தாள். இப்போது அந்த ஊரின் ஒரே பஸ் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ள இருந்தாள். அவன் அவளுடைய கேட்கிற காதின் பக்கமாகவே எப்போதும் நடப்பான். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மரக்கடை வைத்திருந்த சபை மூப்பர், அந்தப் பழைய புருஷனின் அண்ணன். சனிக்கிழமை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நாளைக்கு அந்த அதிகாரத்தைப் படிங்கய்யா. இனிமே ஒவ்வொரு வாரமும் அதையே படிங்க."

"மூப்பரே, அவ பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதுக்காக எழுதினதை அழிக்க முடியுமா? ஊரான் வீட்டுப் பொண்ணுன்னா படிச்சிருப்பீங்கல்ல?"

போதகர் மாடிக்குப் போய்த் தங்கையிடம் சொன்னார். "படிங்கண்ணா, என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வேண்டாம்" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்தது.

மறுநாள் அவர் வாசித்தார். கேட்ட வரிகளை மட்டும் வாசித்து நிறுத்துவதுதான் அங்கே வழக்கம். ஆனால் தங்கை மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வரிகள் முடிந்தால் தலையை நிமிர்த்த வேண்டும், நிமிர்ந்தால் அவள் முகம். அவர் நிமிரவே இல்லை. கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டே போனார். பிள்ளைகளைத் தடுக்கக் கூடாது என்ற இடம் போனது. முன்வரிசையில் மூப்பர் இருமினார். செல்வந்தனான ஒரு வாலிபன் வந்து கேட்க, உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று அவனுக்குச் சொல்லப்பட்ட இடம் வந்தது. மூப்பர் எழுந்து நின்று கையை ஆட்டினார். போதகர் அதிகாரம் முடிந்த பிறகே புத்தகத்தை மூடினார்.

அன்று மாலையே ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக்கும் அவளும் கிட்டே வந்தால் நடுவில் காற்று கெட்டியாகி இருவரையும் பின்னுக்குத் தள்ளியது. பூட்டிய கேட்டுகள் பிள்ளைகளைக் கண்டால் திறந்துகொண்டன. மூப்பரின் காருக்குள் தெருப்பிள்ளைகள் ஏறி ஹாரன் அடித்தார்கள். மரக்கடையில் அடுக்கியிருந்த தேக்குப் பலகைகள் வரிசையாக எழுந்து ரோட்டில் இறங்கி, கூரை ஒழுகும் வீடுகளைத் தேடிப் போயின. வசதியான வீடுகளிலிருந்தெல்லாம் பீரோவும் கட்டிலும் படியிறங்கின. போதகரின் இரண்டு நாற்காலிகளும் போயின. வந்த பலகையை வைத்து ஜனங்கள் அன்றைக்கே ஆணி அடித்துவிட்டார்கள்.

மெக்கானிக் தினமும் வேலை முடிந்து வந்து எதிர்ச்சாரியில் ஒரு கல்லின்மேல் உட்காருவான். அவள் மாடி ஜன்னலில் நிற்பாள். அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று அவன் கத்திப் பேசுவான். என்ன சாப்பிட்டாள், எந்த வண்டியின் கியர் பெட்டி படுத்துகிறது என்று தெருவுக்கே தெரிந்தது. போதகர் கீழே தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

வியாழக்கிழமை மூப்பர் வந்தார். வாசலில் கழற்றச் செருப்பு இல்லை, அதுவும் போய்விட்டிருந்தது.

"வாற ஞாயித்துக்கிழமை வேற எதையாவது படிங்கய்யா. கடையில இன்னும் கருங்காலி மட்டும்தான் மிச்சம்."

"எழுதினதை அழிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது அந்த ஒரு பையனுக்குச் சொன்னதுங்க. அவன் குணம் அப்படி. நமக்கு இல்ல."

"அதுக்கு முன்னாடி உள்ளது?"

மூப்பர் தரையைப் பார்த்தார். "எதை வேணா படிங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு போனார்.

போதகர் மாடி ஏறி, "உனக்கு என்னம்மா படிக்கணும்?" என்று தங்கையைக் கேட்டார். அந்தச் சபையில் யாரையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் யோசிக்கவே இல்லை, பழைய ஏற்பாட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். புருஷனிடம் தள்ளுதல் சீட்டு வாங்கிய பெண் போய் இன்னொருவனுக்கு மனைவியாகலாம் என்று அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சாதாரணமாகச் சொல்லியிருந்தது. அவள் விரல் அதற்கும் கீழே இருந்தது.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன் மூப்பர் அதை எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் அந்தக் காலத்து ஜனங்களோட கல்மனசுக்காகக் கொடுத்ததுய்யா" என்று மெல்லச் சொன்னார். "இப்ப யாருக்கும் கல்மனசு இல்லையா மூப்பரே?" என்றார் போதகர். அவர் இப்படித் திருப்பிக் கேட்டது அவருக்கே ஆச்சரியம். மூப்பர் முன்வரிசைக்குப் போகாமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

போதகர் அந்த அதிகாரம் முழுவதையும் தலை நிமிர்ந்தே வாசித்தார். அந்த வாரம் கூலிக்காரர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கைக்கு வந்தது. புதன்கிழமை கல்யாணம் நடந்தது. மோதிரம் போடும்போது நடுவில் காற்று காற்றாகவே இருந்தது. அவள் விரல் காட்டிய விதிக்கு மட்டும் தவணை வேறு. புதிதாகக் கல்யாணம் ஆனவன் ஒரு வருஷம் எந்த வேலைக்கும் போகாமல் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆகவே மெக்கானிக்கின் கால்கள் பட்டறைப் பக்கம் திரும்பவே மறுத்தன. பஸ்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. மழைக்காலம் வருவதற்குள் கடைசி பஸ்ஸும் நின்றுபோனது.

ஊர் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கும் மரக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தார்கள். வேறு மெக்கானிக்கைக் கொண்டுவருவதைப் பற்றி ஒருமுறை பேச்சு எழுந்து, அப்படியே அமுங்கிவிட்டது. போதகரும் நடந்தார். தங்கை வீட்டுத் தெரு வழியாகப் போனால் தேவாலயத்துக்குச் சுற்று அதிகம். உள்ளிருந்து அவள் சிரிப்பது கேட்கும் என்பதால் அவர் அந்த வழியாகத்தான் போனார்.